மலையே இல்லாத ஊரில் பாறை படிக்கப் போகிறவனுக்கு

சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் தேசிய சேவையை முடிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. புவி அறிவியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, பிறகு ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறான். சொந்தக்காரர்களோ, "இங்க எரிமலை இருக்கா, நிலநடுக்கம் இருக்கா? பேசாம கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லு" என்கிறார்கள். ஆராய்ச்சிப் பயிற்சி என்று அங்கே உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள், சேருவதற்குள் பையன் எதையாவது தயார் செய்துகொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி.

நான் பேராசிரியர் இல்லை. சேறு அள்ளுவது, மாதிரி தயாரிப்பது, கருவிகளைப் பார்த்துக்கொள்வது, மாணவர்களைப் படகில் ஏற்றி இறக்குவது, இதுதான் பதினைந்து வருடத்துக்கு மேலாக என் வேலை. ஆய்வு சரியாக வராத மாணவர்கள் பேராசிரியர் அறையில் அழமாட்டார்கள், எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் வந்து அழுவார்கள். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் சொந்தக்காரர்களுக்குப் பதில். விபத்து நடக்கும் சாலையிலேயே ஆஸ்பத்திரி இருக்கவேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். சிங்கப்பூர் அப்படிப்பட்ட இடம். சுமத்ரா தீவின் நெடுக்க ஓடும் பிளவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே சொருகிக்கொண்டு போகிற பெரிய பிளவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று உடைந்தது அதுதான். 2005 மார்ச்சில் நியாஸ் தீவில் 8.6 அளவு நிலநடுக்கம், 2007 செப்டம்பரில் பெங்கூலு பக்கம் 8.4, எல்லாம் அதே வரிசை. 2009 செப்டம்பர் 30 அன்று சுமத்ராவின் பாடாங் நகரம் குலுங்கியபோது இங்கே உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் படியிறங்கி ஓடியது பலருக்கு நினைவிருக்கும். தூரத்திலிருந்து வரும் நிலநடுக்க அலைகளில் வேகமான துடிப்புகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவாக ஆடும் அலைகள்தான் இங்கே வந்து சேரும். உயரமான கட்டடங்களும் காலாங், காத்தோங் பக்கத்து மென்மையான கடற்களிமண்ணும் அந்த மெதுவான ஆட்டத்துக்குத்தான் அதிகமாக இசைகின்றன. அதனால்தான் தரை வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாதபோது பதினைந்தாவது மாடியில் விளக்கு ஊஞ்சலாடுகிறது.

அந்தக் கடலடிப் பிளவு 2004இல் நாகப்பட்டினத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சுனாமி அலையை அனுப்பியது. இங்கே இருக்கும் பேரனும் நாகையில் இருக்கும் தாத்தாவும் ஒரே பிளவுக்கு இரு பக்கத்து அண்டை வீட்டுக்காரர்கள். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கொஞ்சம் அடங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூர் 2009இல் தொடங்கியதற்குக் காரணமே இந்த அண்டை வீடுதான். அதன் முதல் இயக்குநர் கெர்ரி சீ. சுமத்ராவின் மேற்குத் தீவுகளில் நிறுவப்பட்ட ஜிபிஎஸ் நிலையங்கள் நிலம் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளக்கின்றன. அதே வளாகத்தில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி இருக்கிறது, இளநிலை மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையிலும் ஆறு, மண், கடற்கரை பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. நம் காலடியிலும் விஷயம் இல்லாமல் இல்லை. புக்கிட் தீமா 163 மீட்டர்தான், ஆனால் அந்தக் கிரானைட்டுக்கு 20 கோடி வயதுக்கு மேல். ஜூரோங்கில் கடலுக்கு அடியே 130 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கிறார்கள், 2014இல் திறந்தார்கள். பாறையைப் படிக்காமல் யாரும் அங்கே துளை போட்டிருக்க முடியாது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

எரிமலை விளிம்பில் தலைக்கவசத்தோடு நிற்கும் படங்களைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் வருகிறார்கள். அதுவும் சிலருக்கு வாய்க்கும், மறுக்கவில்லை. என் பார்வையில் முழுப் பயிற்சியையும் ஒரே ஒரு பழக்கத்தில் அடக்கிவிடலாம்: கண்டதை ஒரு பக்கம், கருதியதை இன்னொரு பக்கம் எழுதுவது. நம் பழைய அளவை நூல்கள் அறிவு வரும் வழிகளைச் சொல்லும்போது காண்டல், கருதல், உரை என்று ஆரம்பிக்கும். கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. புவி அறிவியல் மாணவர் நாலு வருடமும் இந்த மூன்றையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் படாதபாடு படுகிறார்.

புக்கிட் தீமா பக்கத்துப் பழைய குவாரி ஒன்றில் நடந்தது. முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பாறைச் சுவருக்கு முன்னால் உட்காரவைத்து அரை மணி நேரம் வரையச் சொன்னோம். போனைப் பைக்குள் வைக்கச் சொன்னோம், ஆனால் ஒரு பெண் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தாள் போல. ஐந்தே நிமிடத்தில் நோட்டில் "டோலரைட் டைக்" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். அதாவது, பழைய பாறையின் விரிசலுக்குள் உருகிய குழம்பு ஏறி உறைந்த சுவர். விடை சரிதான். "எதைப் பார்த்து இப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பெயரை மறந்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு பொருளைப் போலீஸில் விவரிப்பதுபோல் எழுதச் சொன்னேன். எழுதினாள்: கறுப்புப் பட்டை, அகலம் ஒரு முழம், கிட்டத்தட்ட செங்குத்து, இரண்டு ஓரமும் நேராக வெட்டினமாதிரி, பக்கத்துப் பாறையில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மணிகள் இதில் இல்லை. கைலென்ஸை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்து, "அங்கிள், ஓரத்துல மணி இன்னும் பொடியா இருக்கு, நடுவுல கொஞ்சம் பெருசா இருக்கு" என்றாள்.

அதுதான் நாங்கள் காத்திருந்தது. சூடான குழம்பு குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில் சட்டென்று உறைந்துவிடும், படிகம் வளர நேரம் இருக்காது. நடுவில் மெதுவாக ஆறும், மணி பெருக்கும். கிரானைட் முதலில் வந்தது, இந்தக் கறுப்பு பின்னால் வந்தது என்பதற்கு அந்தப் பொடி மணிதான் சாட்சி. "டைக்" என்ற சொல்லைப் புத்தகத்திலிருந்து எடுத்தால் அது உரை. ஓரத்து மணியைப் பார்த்துவிட்டு எடுத்தால் அது கருதல். நோட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆளைக் கேட்டால்தான் வேறுபாடு வெளியே வரும்.

இன்னும் சில சில்லறை விஷயங்களும் அன்றைக்கே பழகிவிடும். பென்சிலில் எழுதவேண்டும், இந்த ஊர் மழையில் பேனா மை ஓடிவிடும். படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஐம்பது காசையாவது வைத்து எடுக்கவேண்டும், அளவு தெரியாத பாறைப் படம் சுற்றுலாப் படம்தான். இடம், தேதி, திசை.

பாறைக்கு அடுத்தது சேறு. எனக்கு இதுதான் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

பழைய கடல்மட்டம் எங்கே இருந்தது, எப்போது ஏறியது என்று கண்டுபிடிக்கச் சதுப்புநிலக் காட்டின் அடியில் துளை போட்டு மண்ணை உருளையாக எடுப்பார்கள். சுங்கை பூலோ மாதிரி இடமென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். விண்ணப்பம் எழுதுவதும் பயிற்சிதான், எத்தனை துளை, எவ்வளவு மண், எதற்கு என்று நியாயம் சொல்லவேண்டும். அப்புறம் கடல் வற்றும் நேரம் பார்க்கவேண்டும். இடி எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பவேண்டும். இந்த ஊரில் அது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். முழங்கால் சேற்றில் இரண்டு பேர் கைப்பிடியைத் திருகி இறக்கினால் அரை மீட்டர் உருளை வரும். அதை வெளியே எடுத்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குழாயில் வைத்து, எண் போட்டு, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடவேண்டும்.

அந்த அம்புக்குறியைப் போட மறந்தவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எண் போட்டேன், தேதி போட்டேன், மழை வருகிறது என்ற அவசரத்தில் அம்பை விட்டுவிட்டேன். மறுவாரம் திறந்து பார்த்தால் பழுப்பு நிற இலைமக்குச் சேறு அடியிலும் சிப்பி கலந்த சாம்பல் களிமண் மேலேயும் இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி எடுத்த உருளையில் இது தலைகீழ். இப்போது எது சரி? என் உருளை கவிழ்ந்திருக்கிறதா, அல்லது உண்மையிலேயே அந்த இரண்டு மீட்டருக்குள் ஏதாவது ஓடை மாறி ஓடியிருக்கிறதா? எனக்கு ஞாபகம் இருப்பதுபோல் இருந்தது. ஞாபகத்தை வைத்து அம்பு போடலாமா என்று கேட்டேன். பேராசிரியர் திட்டவில்லை. "போடலாம், ஆனா அதை நோட்டுல அப்படியே எழுதிடு, ஏழு நாள் கழிச்சு ஞாபகத்துல போட்டதுன்னு" என்றார். எழுதிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. உருளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த பெரிய வற்றுக்கு இரண்டு வாரம் காத்திருந்து மறுபடி போனோம். இன்றைக்கும் மாணவர்களிடம் முதலில் அம்பு, பிறகு எண் என்றுதான் சொல்வேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையைக் கிளறியிருந்தால் அது செல்லும். பூமியை யாரும் கிளறுவதில்லை. ஒரு துளை வைத்துக்கொண்டு ஒரு கடற்கரையின் கதையைச் சொல்லவரும் மாணவரிடம் இதைத்தான் கேட்பார்கள்: பானை கிளறினதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஆய்வுக்கூடத்தில் அந்தச் சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் பார்த்து, ஃபொராமினிஃபெரா என்னும் ஓடுடைய பொடி உயிர்களை எண்ணுவார்கள். எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அந்தச் சேறு கடலின் எந்த உயரத்தில் படிந்தது என்று சொல்லலாம். முதுகு வலிக்கும் வேலை. ஒரே தட்டை இரண்டு மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து எண்ணச் சொல்வோம். எண்ணிக்கை ஒருபோதும் ஒத்துவராது. முதல்முறை இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். அந்த வித்தியாசமே அவர்களுடைய அளவீட்டின் பிழை, அதை விடையின் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதவேண்டும் என்று புரிய ஒரு மாதம் ஆகும். பள்ளியில் பிழை என்றால் மதிப்பெண் குறையும். இங்கே பிழையை எழுதாவிட்டால்தான் மதிப்பெண் குறையும். ஓ லெவல், ஏ லெவல் இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு இது ரொம்பவே கஷ்டம், பாவம்.

வயது கண்டுபிடிக்கக் கார்பன் சோதனைக்கு அனுப்புவதிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. சேற்றில் ஒரு இலை கிடைக்கும், ஒரு வேர் கிடைக்கும், ஒரு சிப்பி கிடைக்கும். இலை விழுந்த காலத்திலேயே சேற்றில் புதைந்திருக்கும். வேரோ மேலேயிருந்து பின்னாளில் இறங்கியது, வயதைக் குறைத்துக் காட்டும். சிப்பி கடல்நீரில் தேங்கிய பழைய கார்பனை வாங்கிக்கொண்டு வளர்ந்தது, வயதைக் கூட்டிக் காட்டும். ஆகவே இலையைத் தேடவேண்டும். இடுக்கியோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நகக்கண் அளவு இலைத்துண்டு ஒன்று கிடைத்தால் அன்றைக்கு கோப்பி நான் வாங்கிக் கொடுப்பேன். மரினா சவுத்தில் எடுத்த மண் உருளைகளை வைத்து, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 20 மீட்டர் கீழே இருந்தது என்று சொன்னதற்குப் பின்னால் இந்த மாதிரி இடுக்கி வேலைதான் இருக்கிறது.

"கம்ப்யூட்டர் படி" என்ற சொந்தக்காரர்கள் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். இன்றைக்குப் பாதிப் பயிற்சி கணினியில்தான். நிலநடுக்கப் பதிவுகளைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் அலசுவது, சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களை ஒப்பிட்டு நிலம் சில சென்டிமீட்டர் இறங்கியதைக் கண்டுபிடிப்பது, எல்லாம் மடிக்கணினியில் நடக்கும். சேற்றில் கால் வைக்காமலே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, அவர்கள் வேலை ஒன்றும் மட்டமில்லை.

மூன்றாவது வழியான உரையைப் பற்றி ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். சுமத்ராவுக்கு மேற்கே சிமெலு என்று ஒரு தீவு. அங்கே வட்டமாக வளரும் ஒருவகைப் பவளங்கள் கடல் மிகவும் வற்றும் மட்டம் வரைதான் உயரும், அதற்கு மேலே போனால் வெயிலில் செத்துவிடும். மரத்துக்கு வளையம் போல் வருடத்துக்கு ஒரு வரி உள்ளே விழும். நிலம் தாழ்ந்தால் தண்ணீர் ஆழமாகும், பவளம் மேலே வளரும். நிலம் எழும்பினால் தலை செத்துப்போகும். அதாவது யாரும் நிறுவாத அளவுமானி ஒன்று நூற்றாண்டுகளாக அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பவளங்களை முன்னே சென்றவர்கள் அறுத்து எடுத்துவந்து, வரிகளை எண்ணி, வெளியிட்டும் இருந்தார்கள். பிறகு இங்கே ஒரு முனைவர் பட்ட மாணவர் அதே எண்களைப் புதுக் கேள்வியோடு திரும்பப் பார்த்தார். 1829ஆம் ஆண்டு வாக்கில் நிலம் தாழும் வேகம் திடீரென்று பல மடங்கு கூடியிருக்கிறது, 1861இல் பெரிய நிலநடுக்கம் வரும்வரை அது நிற்கவில்லை. சத்தமில்லாமல் 32 ஆண்டுகள் பிளவு மெதுவாக நழுவியிருக்கிறது! அவர் முதன்மை ஆசிரியராக அந்தக் கட்டுரை 2021இல் வெளிவந்தது. அவருக்குத் தேவைப்பட்டது புதுப் பயணம் இல்லை, பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் ஒழுங்காக எழுதிவைத்த குறிப்பு. அம்புக்குறி போடுவது அப்படி முகம் தெரியாத ஒருவருக்காகத்தான்.

அதே சிமெலுவில் இன்னொரு வகை உரையும் உண்டு. 1907இல் அங்கே சுனாமி வந்தது. அதை "ஸ்மோங்" என்ற பெயரில் பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். கிராமத்தில் துளை போடப் போகும் மாணவர் முதலில் ஊர்ப் பெரியவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கவேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். மரியாதைக்கு மட்டும் இல்லை. 1907ஐ எந்தக் கருவியைவிடவும் நன்றாக நினைவில் வைத்திருந்தது அவர் வீடு.

இனி உங்கள் மகன் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. நன்யாங்கில் யுரேகா என்று ஒரு திட்டம் இருக்கிறது, இரண்டாம் ஆண்டு முதல் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்யலாம். கடைசி வருடத்தில் தனி ஆய்வேடு. தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதுபோல் உண்டு. பெரிய பெயர் இருக்கும் இடத்துக்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். ஒரு ஆய்வுக்குழுவில் ஒரு பையன் மூன்று மாதம் முழுக்கச் சல்லடை மட்டும் கழுவினான். அந்தச் சேறு எங்கிருந்து வந்தது, எதற்காகக் கழுவுகிறோம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் இப்போது வேறு துறையில் இருக்கிறான். சல்லடை கழுவுவதில் தப்பில்லை, எல்லோரும் கழுவித்தான் வந்தோம். ஆனால் முதல் வாரமே கைக்கு அடக்கமான ஒரு சின்னக் கேள்வியை "இது உன்னுடையது" என்று கொடுக்கும் ஆள்தான் நல்ல வழிகாட்டி. சேரும் முன் அந்தக் குழுவின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசச் சொல்லுங்கள். வழிகாட்டி அவர்களுடைய களக் குறிப்பேட்டை எப்போதாவது திறந்து படித்தாரா என்று கேட்டால் போதும், மீதி தானாகத் தெரிந்துவிடும்.

வேலை பற்றிக் கவலைப்படுவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கடல்மட்ட உயர்விலிருந்து தீவைக் காக்க நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினக் கூட்டத்தில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். 2100க்குள் இங்கே கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது 2024 தொடக்கத்தில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின் கணிப்பு. சுரங்கம், அடித்தளம், கடலோரத் தடுப்பு, பேரிடர் காப்பீடு என்று மண்ணை அறிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. வங்கிச் சம்பளம் வராது.

ஐந்து மாதம் இருக்கிறது என்றீர்கள். வரைபடம், திசைகாட்டி, சேற்றில் நடப்பது எல்லாம் தேசிய சேவையில் பழகியிருப்பான், அந்த மட்டில் மற்ற நாட்டு மாணவர்களைவிட அவன் முன்னால் இருக்கிறான். நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும். பைத்தான் கொஞ்சம், புள்ளியியல் கொஞ்சம். மலாய் பேசப் பழகட்டும், கடைவீதி மலாய் போதும், சுமத்ராவில் அது கைகொடுக்கும். பாறைப் புத்தகம் இப்போது வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் சின்னக் குய்லின் குளத்துக்கு அனுப்புங்கள். அதுவும் ஒரு பழைய குவாரிதான், தண்ணீருக்கு நடுவே பாறை நிற்கும். போனை உங்களிடம் கொடுத்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக ஒரு மணி நேரம் அந்தப் பாறையை வரையட்டும். விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே நிறம் மாறுகிறது, எங்கே செடி முளைத்திருக்கிறது. பெயர் எதுவும் எழுதக்கூடாது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து, பழைய படத்தைப் பார்க்காமல் மறுபடி வரையட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பாறையில் இருக்கிறது, எது அவன் கையில் இருந்து வந்தது என்று அவனே சொல்லுவான். எந்தப் பக்கம் நின்று வரைந்தான், எத்தனை மணிக்கு என்று இரண்டு படத்திலும் எழுதியிருக்கிறானா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.